கரும்பு வயலில் தொடங்கிய வரலாறு

'கரும்பு தின்னக் கூலியா?' என்பது பழமொழி. ஆயின், மலாயாவின் கரும்புத் தோட்டங்களில் கூலி பெற்றும் கரும்பின் இனிமையைக் காணாத மக்கள் பல்லாயிரவர் வாழ்ந்தனர். ரப்பர் மரம் இந்நாட்டில் வேரூன்றுமுன்பே தமிழர் வியர்வை இம்மண்ணில் சிந்தியது என்பதை இளைய தலைமுறையினர் அறிதல் வேண்டும்.

1786-இல் பினாங்குத் தீவையும், 1800-இல் அதற்கெதிரே உள்ள நிலப்பகுதியையும் கிழக்கிந்தியக் கும்பினியார் கெடா சுல்தானிடமிருந்து பெற்றனர். புரோவின்ஸ் வெல்லெஸ்லி எனப் பெயரிடப்பெற்ற அப்பகுதியே இன்றைய செபராங் பிறை. எப்பயிர் இங்கு வருவாய் தரும் என்பதே அவர்கள்முன் நின்ற வினா. முதலில் பினாங்கில் மிளகைப் பயிரிட்டனர். பின்னர்க் கும்பினியின் தாவரவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்மித் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து சாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கொணர்ந்தார். மிளகு விலை வீழ்ச்சியால் நலிந்தது. சாதிக்காய் சில காலம் செழித்து, நூற்றாண்டின் நடுவில் நோயால் அழிந்தது.

கரும்பை முதலில் இங்கு வளர்த்தவர் ஐரோப்பியர் அல்லர். பத்து காவான் பகுதியில் தியோச்சூ சீனர்கள் கரும்பு நட்டு, எருமைகளால் ஆலையாட்டிச் சர்க்கரை காய்ச்சினர். 1840-களில் ஐரோப்பியத் துரைமார் அவர்களைப் பின்பற்றி இறங்கினர். சதுப்பு நிலங்களில் கடல்நீர் புகாவண்ணம் கரைகள் எழுப்பி, வாய்க்கால்கள் வெட்டினர். நீராவி ஆலைகளை நிறுவினர். ஜமேக்காவில் பட்டறிவு பெற்ற லெனார்ட் ரே என்பார் இங்குப் பல கரும்பு வகைகளை ஆய்ந்து, 1848-இல் இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். மலாய் மண்ணின் 'சிலாங்கூர்க் கரும்பு' அவர் மிக உயர்வாகப் பாராட்டிய வகையாகும்.

பயிர் கிடைத்தது, உழைக்கும் கைகள் வேண்டியிருந்தன. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய தமிழர் பினாங்கில் இறங்கி, ஒப்பந்தக் கூலிகளாக இத்தோட்டங்களை அடைந்தனர். கப்பற் செலவு அவர்தம் தலைமேற் கடனாக ஏற்றப்பட்டு, கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்குவது தண்டனைக்குரிய குற்றம். கால்வாய் வெட்டுதல், கரும்பு வெட்டுதல், ஆலையில் கொப்பரைமுன் வெந்து நிற்றல் என்பன அவர்தம் அன்றாட வாழ்வு. நோயால் மாண்டோர் மிகப் பலர். துரைமாரின் கணக்கேட்டில் ஒரு பயிர் தோற்றால் அது பண நட்டம்; தொழிலாளிக்கோ அது வாழ்வின் நட்டம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பின் காலம் முடிவுற்றது. ஜாவாச் சர்க்கரையின் போட்டி ஒருபுறம். ரப்பர் விலையேற்றம் மறுபுறம். 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறைக்கு ஆள் சேர்ப்பதும் நிறுத்தப்பட்டது. கரும்பு நின்ற நிலங்களில் ரப்பர் நடப்பட்டது. பயிர் மாறிற்று, உழைத்த தமிழர் பலர் அங்கேயே நிலைத்தனர். கங்காணிமார் வழி மேலும் பலர் வந்து சேர்ந்தனர்.

ரப்பரும் பின்னர்ப் பல இடங்களில் செம்பனைக்கு வழிவிட்டது, தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாயின. எனினும் பத்து காவான், வால்டோர், பைராம் என்னும் பெயர்கள் அழியவில்லை. அவை தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக நிலைத்துள்ளன. சோதனைக்காக நடப்பட்ட கரும்பு மறைந்துவிட்டது. அதனை நட்டவர் வழிவந்த தலைமுறை அப்பள்ளிகளில் அகரம் பயின்றது. தம் பள்ளியின் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு மாணவன் வினவுவானாயின், அவனுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர் ஆசிரியரே.