கோர்வைத் தறியின் இரண்டாவது ஆள்: கைத்தறிக் கணக்கெடுப்பு குறித்து ஒரு மறுவாசிப்பு

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவில் பெண்களின் நிலை பற்றிய ஆய்வுகளில் ஒரு கருத்து கேட்பாரின்றி நிலைபெற்றுவிட்டது: தறியில் ஆண், தறிக்கு வெளியே பெண். தார் சுற்றுவது, பாவு பிணைப்பது போன்ற வேலைகளோடு பெண்கள் நிறுத்தப்படுவதால்தான் அவர்களுக்குக் கூலியும் மதிப்பும் குறைவு. நெசவு கற்றுக்கொடுத்தால் குறை தீரும் என்பது அதன் முடிவு. இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. கோர்வைத் தறியைப் பொறுத்தவரை பெண் ஏற்கெனவே தறியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கணக்கில்தான் அவளுக்கு இடம் இல்லை.

இதற்கு நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பையே (2019-20) எடுத்துக்கொள்கிறேன். அதன்படி நாட்டின் கைத்தறித் தொழிலாளர் 35.22 லட்சம் பேர். அவர்களில் 26.73 லட்சம் பேர் நெசவாளர், 8.48 லட்சம் பேர் துணைத் தொழிலாளர். மொத்தத்தில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் பெண்கள். இந்தக் கடைசி எண்ணைக் காஞ்சிக்குப் பொருத்தக்கூடாது என்று முந்தைய ஆய்வாளர்கள் எச்சரித்தது சரியே. வீட்டுக்கு வீடு பெண்களே நெய்யும் அஸ்ஸாம் முதலான வடகிழக்கு மாநிலங்கள்தான் அதை உயர்த்துகின்றன. ஆனால் 72-ஐச் சந்தேகித்தவர்கள் 26.73-க்கும் 8.48-க்கும் இடையே கிழிக்கப்பட்ட கோட்டைச் சந்தேகிக்கவில்லை. என் வாதம் முழுவதும் அந்தக் கோட்டின் மேல்தான்.

தறியை ஓட்டுபவர் நெசவாளர், பாவையும் ஊடையையும் ஆயத்தம் செய்பவர் துணைத் தொழிலாளர் என்பது அந்தப் பிரிப்பின் அடிப்படை. ஒரு தறியை ஒருவரே நெய்யும் இடத்தில் இது பொருந்தும். கோர்வையில் பொருந்தாது. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரு கரைகளுக்கும் உடலுக்கும் தனித்தனி ஊடை என்பதால் நாடா மூன்று. ஒவ்வொரு ஓட்டத்திலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். நெசவாளர் உடலுக்கும் ஒரு கரைக்கும் நாடா விடுகிறார். மறு ஓரத்துக் கரைக்கு அவர் கை எட்டாது. அங்கே இன்னொருவர் உட்கார்ந்து, அவர் வேகத்துக்கு ஈடுகொடுத்து நாடாவை விட வேண்டும். அவர் ஒரு முறை தவறினால் அந்த இடத்தில் கரையும் உடலும் பிடிப்பற்றுப் போகும்.

அந்த இரண்டாவது ஆள் நெசவாளரா, துணைத் தொழிலாளரா? உட்கார்ந்திருப்பது தறியில், கையில் இருப்பது நாடா, விளைவது துணி. வேலையை வைத்துப் பார்த்தால் விடையில் ஐயமில்லை. வெளியான அட்டவணைகளோ இரண்டே பிரிவுகளைத் தருகின்றன. 'இந்தத் தறியில் நெய்வது யார்' என்று காஞ்சியின் பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டில் கேட்டால் வருவது ஒரு பெயராகத்தான் இருக்கும் என்பது என் அனுமானம். புடவைக்கு இவ்வளவு என்று பேசப்படும் கூலி, முதலாளியானாலும் கூட்டுறவுச் சங்கமானாலும், ஒரு பெயரில்தான் பற்று வைக்கப்படுகிறது. கணக்கெடுப்பு அந்த வழக்கத்தைப் படியெடுக்கிறது. ஆய்வாளர் கணக்கெடுப்பைப் படியெடுக்கிறார். கடைசியில் அது 'காஞ்சி மரபு' ஆகிவிடுகிறது.

மரபு என்போர் வழக்கமாகச் சோழர் காலத்துக்குப் போவார்கள். உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு கச்சியின், அதாவது காஞ்சியின், நெசவாளர் சேரிகளைச் சொல்வது உண்மை. ஆனால் அது பேசுவது கோயில் நிர்வாகப் பொறுப்பைப் பற்றி. தறியில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார் என்பதற்கு அதில் சான்று தேடுவது வீண்.

வலுவான மறுப்பு வேறொன்று உண்டு: இரண்டாவது ஆளின் வேலை வெறும் ஒத்தாசை, அதற்குத் தனி விலை கிடையாது என்பது. இதற்கு விடை நாமெல்லாம் வேறு காரணத்துக்காகப் படித்த ஓர் ஆவணத்தில் இருக்கிறது. 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட, பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார் பற்றிய அறிக்கை கர்நாடகம், வாராணசி ஆகியவற்றோடு காஞ்சிபுரத்தையும் ஆராய்ந்தது. பெற்றோருக்கு முன்பணம் கொடுத்து, பிள்ளைகளை நெசவாளருக்கு உதவியாகத் தறியில் உட்காரவைத்த முறையை அது பதிவு செய்கிறது. சிறார் உழைப்பின் வரலாறாக மட்டுமே இதை வாசித்துவந்தோம். கூலியின் வரலாறாகவும் வாசிக்கலாம். கொடுமையானதென்றாலும் அந்த இருக்கைக்கு ஒரு விலை இருந்தது. முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் அளவுக்கு அது இன்றியமையாததாக இருந்தது.

பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள்; போகத்தான் வேண்டும். இருக்கை காலியாக இருக்க முடியாது. அதில் மனைவியோ படிப்பை முடித்த, அல்லது முடிக்காமல் நின்ற, மகளோ வந்து உட்கார்ந்தபோது விலை மறைந்தது என்பதே என் வாசிப்பு. சட்டமும் இதற்கு வழிவிட்டது. 1986-ஆம் ஆண்டுச் சிறார் உழைப்புச் சட்டம், குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைகளைத் தன் தடையிலிருந்து விலக்கியது. 2016 திருத்தம் அதை இறுக்கினாலும், ஆபத்தற்ற வேலைகளில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத்துக்கு உதவலாம் என்று விட்டுவைத்தது. மாலையில் தார் சுற்ற உட்காருவது அண்ணனா தங்கையா என்பதை எந்தச் சட்டமும் கேட்பதில்லை.

குடும்ப வருமானம் எல்லோருக்கும் பொதுதானே என்ற வாதத்தில் நேரம் செலவிடத் தேவையில்லை. பொதுவானது செலவு, முன்பணம் கேட்கும் உரிமையும் ஓய்வூதியத்துக்கான தகுதியும் பெயர் உள்ளவருக்கே.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் திறந்து 2014-இல் மூடப்பட்ட நோக்கியா ஆலையும், பின்வந்த மின்னணு ஆலைகளும் இந்த மாவட்டத்துப் பெண்களை ஈர்த்ததற்குச் சம்பளத்தின் அளவை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. அங்கே சம்பளச் சீட்டில் அவள் பெயர் இருக்கிறது. ஆனால் 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியின்படி, அங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலையில் மணமான பெண்கள் சேர்க்கப்படாமல் ஒதுக்கப்பட்டார்கள். மணநிலை பார்த்துப் பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. செய்தி சரியென்றால், திருமணம் அவளைத் திருப்பி அனுப்புவது பெயரில்லாத அந்த இருக்கைக்குத்தான்.

என் வாசிப்பைச் சோதிக்க வழி இருக்கிறது. கோர்வைப் புடவைக்கும், அதே அளவும் ஜரிகையும் கொண்ட கோர்வையில்லாப் புடவைக்கும் சங்கங்கள் தரும் கூலி வேறுபாட்டை ஆண்டுவாரியாக எடுத்து, கூடுதலாகும் நாட்களுக்கான கூலியைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது இரண்டாவது ஆளின் கூலி. மிஞ்சுவது ஒன்றுமில்லை என்றால் என் வாதம் தளராது. அவள் இலவசமாக நெய்கிறாள் என்பது உறுதியாகும்.