மூக்கறுத்த தண்டனையும் மூக்கமைத்த கலையும்
ஊவா மலைநாட்டை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

கண்டியரசின் வீழ்ச்சியை ஆராய்வோர் 1814ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த கொடுஞ்செயல் ஒன்றைக் காணாது கடந்துசெல்ல இயலாது. ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட கரைநாட்டிலிருந்து வாணிகத்தின் பொருட்டு மலைநாட்டுக்குட் புகுந்த பத்துப்பேர் ஒற்றரெனப் பிடிக்கப்பட்டு, காதும் மூக்கும் கையும் அறுக்கப்பெற்றனர். அவருள் எழுவர் அவ்விடத்திலேயே மாண்டனர். எஞ்சிய மூவர் அறுபட்ட உறுப்புக்கள் கழுத்திலே தொங்கக் கொழும்பை வந்தடைந்தனர். போருக்குக் காரணந் தேடியிருந்த ஆங்கிலேயத் தேசாதிபதிக்கு இதனினும் வலிய காரணம் வேண்டியதில்லை. 1815 மார்ச் 2ஆம் நாள் எழுதப்பெற்ற கண்டி உடன்படிக்கையின் ஆறாம் பிரிவு, உடலை வதைத்தலும் உறுப்பறுத்தலும் இனி விலக்கப்பட்டன என்று கூறுகின்றது. அவ்வுடன்படிக்கையால் அந்நியர் கைப்பட்ட மாகாணங்களுள் ஊவாவும் ஒன்று.

அதே 1814ஆம் ஆண்டு, ஒக்டோபர் 23ஆம் நாள், இலண்டன் மாநகரிலே யோசேப்பு கார்ப்பியூ என்னும் சத்திரவைத்தியர் மூக்கிழந்த படையதிகாரி ஒருவருக்கு, அவர்தம் நெற்றித் தோலைக்கொண்டு புதுமூக்கு அமைத்தார். மயக்கமருந்து அறியப்படாத காலம் அது. நோயாளி விழித்திருந்தே அவ்வேதனையைத் தாங்கினார். மலைநாட்டில் மூக்கறுக்கப்பட்ட ஆண்டிலேயே மேனாட்டில் மூக்கு வளர்க்கப்பட்டது என்பது தற்செயலான பொருத்தமே. ஆயினும், கார்ப்பியூ கையாண்ட முறை எங்கிருந்து வந்தது என்று வினவுங்கால், அப்பொருத்தம் வெறும் விந்தையாக நின்றுவிடுவதில்லை. அது இந்திய நாட்டு முறை. மூக்கறுத்தல் தண்டனையாக நிலவிய நாட்டிலே அத்தண்டனைக்கு மாற்றாக வளர்ந்த கலை.

1792இல் முடிவுற்ற மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு எருதோட்டியாக இருந்த காவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையினரிடம் அகப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டளவு சென்றபின், புனே நகரின் அருகே செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு மூக்கமைத்துக் கொடுத்தார். மெழுகினால் மூக்கின் உருவைச் செய்து, அதனை விரித்து நெற்றியில் வைத்து அளவெடுத்து, அவ்வளவிலே தோலை அறுத்து, இரு கண்களுக்கும் இடையே ஒரு காம்பு மட்டும் அறாதிருக்கவிட்டு, தோலைத் திருப்பி மூக்கிருந்த இடத்திற் பொருத்தினார். அக்காம்பே இம்முறையின் உயிர்நாடி. அதன்வழியே குருதி பாய்வதால் இடம்பெயர்ந்த தோல் அழுகாது புதிய இடத்தில் வேரூன்றுகின்றது. இதனை நேரிற் கண்ட ஆங்கில வைத்தியர் இருவரின் சான்றோடு, 1794 ஒக்டோபரில் இலண்டனிலிருந்து வெளிவந்த ஜென்டில்மன்ஸ் மாகசீன் என்னும் இதழ் படத்துடன் செய்தி வெளியிட்டது. இருபது ஆண்டுகளின்பின் கார்ப்பியூ செய்துகாட்டியது அதனையே.

சுசுருதசங்கிதை கன்னத் தோலால் மூக்கமைக்கும் முறையைக் கூறியிருப்பது கற்றோர் அறிந்ததே. இத்தாலியரான தாலியாகொத்சி 1597இல் வெளியிட்ட நூலில், கைத்தோலைக்கொண்டு அமைக்கும் முறையை விளக்கினார். நூல்கள் இரண்டும் நின்றன. செயல் நின்றது எழுத்தறிவோ பட்டமோ இல்லாத ஒரு தொழிலாளர் குலத்தின் கையிலே. இந்திய வைத்தியத்தின் பெருமை பேசுவோர் சுசுருதரை வணங்குமளவுக்கு அப்பெயரறியாச் செங்கற்காரரை நினைப்பதில்லை என்பது குறிக்கத்தக்கது. கார்ப்பியூவின் நூல் 1816இல் வெளிவந்தது. ஜெர்மானியரான கிரேஃபே இக்கலைபற்றித் தமது பெருநூலை வெளியிட்ட 1818ஆம் ஆண்டில், ஊவாவும் வெல்லச பிரதேசமும் கிளர்ச்சித் தீயில் வெந்துகொண்டிருந்தன.

இதுவரை கூறியவை முகத்தின் புறத்தைப் பற்றியவை. மூக்கின் அகத்தே புகச் சத்திரவைத்தியத்துக்கு இன்னும் நெடுங்காலஞ் சென்றது. கன்னவெலும்பினுள் வெற்றிடம் உண்டென்பதை 1651இல் ஆங்கிலேயரான ஹைமோர் எழுதிவைத்தார். அவ்வெற்றிடத்திற் சீழ் தேங்குவதே பீனிசம் என வழங்கும் நோயின் ஒரு வகை. 1884இல் கொக்கெய்ன் உறுப்பை மரக்கச்செய்யும் மருந்தாகப் பயன்படத் தொடங்கிய பின்னரே மூக்கினுட் கருவியைச் செலுத்துதல் எளிதாயிற்று. நியூயோர்க்கில் கால்டுவெல் 1893இலும், பாரிஸில் லுய்க் 1897இலும், மேலுதட்டை உயர்த்திப் பல்வரிசைக்கு மேலே எலும்பைத் துளைத்துச் சீழை அகற்றி, மூக்கின் அடிப்பக்கமாகப் புதுவாயில் திறக்கும் முறையை வெளியிட்டனர். பின்வந்த எழுபது எண்பது ஆண்டுகளுக்குப் பீனிசத்துக்கு இதுவே முதன்மையான சத்திரசிகிச்சையாக இருந்தது.

இக்காலத்திலேதான் ஊவா மலைச்சரிவுகள் கோப்பித் தோட்டங்களாகி, 1869இல் இலைநோய் தோன்றியபின் படிப்படியாகத் தேயிலைத் தோட்டங்களாயின. மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்தோர் பதுளை, பசறை, அப்புத்தளை, பண்டாரவளை ஆகிய இடங்களின் லயங்களிற் குடியேறினர். தமிழிலே மேனாட்டுச் சத்திரவைத்தியம் அப்பொழுதே கிட்டியிருந்தது என்பது வியப்புக்குரிய செய்தி. மானிப்பாயில் வைத்தியங் கற்பித்த அமெரிக்கரான கிறீன் 1867இல் இரணவைத்தியம் என்னும் பெருநூலைத் தமிழில் வெளியிட்டிருந்தார். ஆனால் யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவன் தன் மொழியிற் படித்த அவ்வித்தை ஊவாவின் தமிழ்த் தொழிலாளியின் காம்பராவை எட்டவில்லை. 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டம் தோட்டப் பகுதிகளுக்கு வைத்திய அதிகாரிகளையும் வைத்தியசாலைகளையும் அமைக்க வழிசெய்தது. எனினும் அரசினரின் கண் வாந்திபேதி, அம்மை, வயிற்றுக்கடுப்பு என்பவற்றின்மேலேயே இருந்தது. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் தொடங்கிய பணி கொக்கிப்புழுவைப் பற்றியது. இவை உயிர்கொல்லும் நோய்கள். இவற்றை முற்படுத்தியதிற் குற்றமில்லை. அந்த வரிசையில் மூக்குக்கு இடமில்லாது போயிற்று. புகையிரதப்பாதையோ 1924இலேயே பதுளையை எட்டியது.

உண்மையில் மூக்குக்குத் துன்பந்தரும் காரணிகள் அத்தோட்டங்களிற் குறைவில்லை. புகைபோக்கியற்ற ஒற்றையறையில் கவ்வாத்தில் கழித்த தேயிலைக் கொம்பை எரித்துச் சமைக்கும் புகையும், மலைப்பனியின் குளிரும், நெருங்கிய வாழ்க்கையில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் சளியும் பீனிசத்தை வளர்ப்பவை. ஓடை நீரைக் குனிந்து பருகுவோர் மூக்கில் நீரட்டை புகுந்து குருதி ஒழுகச் செய்வதுமுண்டு. மரக்கச்செய்து இடுக்கியால் எடுத்தாற் போதும். நோயாளியோ பலநாள் இரத்தப்போக்கின் காரணமறியாது வாடுவான்.

இவற்றிலும் வேறானது ரைனோஸ்போரிடியோசிஸ் என்னும் நோய். மூக்கினுள்ளே செந்நிறமாய், வெண்புள்ளிகள் பதிந்ததாய், தொட்டாற் குருதி சொரியும் தசை வளரும். 1900இல் புவனோஸ் ஐரிஸில் செபர் இதனை முதன்முதல் விவரித்தார். எனினும் உலகில் இந்நோயுற்றோரிற் பெரும்பாலார் இந்தியரும் இலங்கையருமே. குளங்களில் நீராடுவோரிடையே மிகுதியாய்க் காணப்படுவது இது. தோட்டமக்களின் முன்னோர் விட்டுவந்த இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகள் இதற்குப் பெயர்பெற்றவை. ஊவாவின் கீழ்ப்பகுதியோ குளங்கள் நிறைந்த வறள்நிலம். இலங்கை நோயியலறிஞர் கருணாரத்தின 1964இல் வெளியிட்ட தனிநூல் இத்துறையில் நிலைத்த இடம்பெற்றது. பங்கசு என்று நெடுநாள் கருதப்பட்ட அக்கிருமி அவ்வினத்தைச் சேர்ந்ததன்று என்பது 1999இல் மரபணு ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. மருந்து தனித்து நின்று இதனைத் தீர்ப்பதில்லை. தசையை அடியோடு அகற்றி, வேர்நிலத்தைச் சுட்டுவிடுதலே சிகிச்சை. வேர் எஞ்சின் மீண்டும் வளரும். ஆகவே, வேரைக் காண முடிகின்றதா என்பதே கேள்வி.

அக்கேள்விக்கு விடை பௌதிகவியலிலிருந்து வந்தது. 1959இல் ஆங்கிலேயரான ஹொப்கின்ஸ், மெல்லிய குழாயினுட் கண்ணாடித் தண்டுகளை அடுக்கி, ஒளிமிக்க தெளிவான காட்சி தரும் உள்நோக்கியை வகுத்தார். அதனைக்கொண்டு ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெசர்கிளிங்கர் கண்ட உண்மை, கால்டுவெல்–லுய்க் முறையின் அடித்தளத்தையே அசைத்துவிட்டது. எலும்புக் குழியின் சவ்விலுள்ள நுண்மயிர்கள் சளியை எப்பொழுதும் இயற்கை வாயிலை நோக்கியே தள்ளுகின்றன. அடியில் எத்துணைப் பெரிய வாயில் வெட்டினும் சளி அதனைத் தாண்டி இயற்கை வாயிலுக்கே செல்லும். கான் வெட்டும் தோட்டத் தொழிலாளிக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அடைபட்ட கானைத் துப்புரவாக்காது வேறிடத்திற் குழிதோண்டினால் நீர் வடியாது என்பது அவன் அன்றாடம் அறிந்தது. அடைப்புள்ள இயற்கை வாயிலை மட்டும் திறந்து சவ்வைக் காக்கும் இம்முறையை ஸ்டம்பர்கரும் அமெரிக்கரான கெனடியும் 1980களில் உலகெங்கும் பரப்பினர். கண்குழியும் மூளையும் மெல்லிய எலும்பொன்றுக்கு அப்பால் இருத்தலின், சீட்டி படமின்றி இதிற் கைவைத்தல் தகாது. 2005 முதல் சிறு பலூனை ஊதி வாயிலை விரித்தலும், கருவியின் முனை நிற்குமிடத்தைத் திரையிற் காட்டும் வழிகாட்டியும் பெருகின. மூக்கினுள் வளரும் தசைக்குச் சத்திரமின்றி டூபிலுமாப் என்னும் ஊசிமருந்து 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் விலையைத் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியோடு ஒப்பிடுதல் வீண்வேலை.

கருவிகளின் வரலாற்றில் அடிக்கடி விடுபட்டுப்போகும் பகுதி ஒன்று உண்டு. உள்நோக்கிச் சத்திரம் மேசைமீது முடிவதன்று. பின்வரும் வாரங்களில் உப்புநீரால் மூக்கை நாடோறும் கழுவவேண்டும். உறைந்த குருதியையும் பொருக்கையும் வைத்தியர் பலமுறை பார்த்து அகற்றவேண்டும். தவறின், திறந்த வாயில் தழும்பேறி மீண்டும் மூடும். ஆகவே லுணுகலைக்கு அப்பாலுள்ள மலைத்தோட்டமொன்றிலிருந்து பதுளை வைத்தியசாலைக்கு வரும் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு, அச்சிகிச்சை என்பது ஒரு நாளன்று, நான்கைந்து நாள். ஒவ்வொரு நாளும் ஒரு பேர் இழப்பு, விடியுமுன் பேருந்து, கொதித்தாறிய நீருக்குக் காம்பராவில் அதே புகையடுப்பு.