மூன்று நேர்கோடுகள்: ஷோஷோனி தேசிய வனத்தின் தொடக்கம் பற்றி ஒரு மறுவாசிப்பு

அமெரிக்காவின் முதல் தேசிய வனம் எது என்று கேட்டால் வயோமிங் மாநிலத்தின் ஷோஷோனி என்பதே வழக்கமான விடை. 1891 மார்ச் 30 அன்று குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன், யெல்லோஸ்டோன் பூங்காவை ஒட்டிய 12,39,040 ஏக்கரைக் காப்புக்காடாக அறிவித்தார். அதற்கான அதிகாரத்தைத் தந்த சட்டத்தில் அவர் கையெழுத்திட்டது அதே மாதம் 3ஆம் தேதிதான். இடையில் நான்கு வாரம்கூட இல்லை. இந்த வேகத்துக்கு என்ன பொருள் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

கான்சாஸ் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஜான் ஐஸ் 1920இல் வெளியிட்ட ‘அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வனக் கொள்கை’ என்ற நூல் இதற்கு ஒரு விடை சொன்னது. பின்னால் வந்த பலரும் அந்த விடையையே திருப்பிச் சொன்னார்கள். காடுகளை ஒதுக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குத் தந்த, 1891ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஐஸின் பார்வையில், ஏறக்குறைய ஒரு விபத்து. மரம் வளர்ப்போருக்கு நிலம் தந்த பழைய சட்டங்களை நீக்க வந்த மசோதாவில், இரு அவைகளின் கூட்டுக் குழு கடைசி நேரத்தில் அந்தப் பிரிவைச் செருகியது. எந்த அவையும் அதைத் தனியே ஆராயவில்லை. புதிய விஷயத்தைக் கூட்டுக் குழு சேர்க்கக்கூடாது என்ற விதியும் மீறப்பட்டது. காங்கிரஸுக்கு யோசிக்க அவகாசம் இருந்திருந்தால் இது நிறைவேறியே இருக்காது என்பது அவருடைய முடிவு.

பாதி சரி. அவசரத்தில் எழுதிய பிரிவுதான் அது. ‘ஒதுக்கி வைக்கலாம்’ என்று சொல்லிவிட்டு, எதை ஒதுக்குவது என்ற செயப்படுபொருளையே வாக்கியம் விட்டுவிடுகிறது. ஆனால் அவசரம் வேறு, அறியாமை வேறு. கூட்டம் முடியும் தறுவாயிலும் பிரதிநிதிகள் சபையில் அர்கன்சாஸின் தாமஸ் மெக்ரே, தலைவர் ஒருவர் கையில் இத்தனை அதிகாரமா என்று எழுந்து கேட்டார். கேள்வி எழுந்தது, சபை அதைக் கேட்டது, பிறகும் மசோதா நிறைவேறியது. ஆபத்து எதுவென்று ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகு நடந்த வாக்கெடுப்பை விபத்து என்பது எப்படிப் பொருந்தும்? அவைக் குறிப்புகளை ஐஸ் படிக்காதவர் அல்லர். சிக்கல், அவர் வாஷிங்டனை மட்டும் பார்த்ததுதான். வயோமிங் பக்கமிருந்து பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது.

அதற்கான சான்று மார்ச் 30 அறிவிப்பின் எல்லை விவரத்திலேயே இருக்கிறது. அதை யாரும் நின்று படிப்பதில்லை. வடக்கே 44 பாகை 50 கலை அட்சரேகை. கிழக்கே 109 பாகை 30 கலை தீர்க்கரேகை. தெற்கே 44ஆம் அட்சரேகை, மேற்கே மாநில எல்லையைத் தொடும்வரை. மிச்சம் பூங்காவின் சொந்த எல்லை. ஓடையில்லை, முகடில்லை, மூன்று நேர்கோடுகள் அவ்வளவே. 1872இல் பூங்காவை அமைத்த சட்டம் எல்லையைக் கார்டினர் ஆறும் யெல்லோஸ்டோன் ஆறும் கூடும் இடத்திலிருந்து தொடங்கியது, யெல்லோஸ்டோன் ஏரியின் கிழக்கு முனையிலிருந்து பத்து மைல் என்று அளந்தது. இங்கோ வரைபடமும் அளவுகோலும் மட்டுமே வேலை செய்திருக்கின்றன. செப்டம்பர் 10 அன்று எல்லையைத் திருத்தி மறு அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கோடுகள் புதியவையா? தெற்குக் கோடு புதிதல்ல. 1882இல் ஜெனரல் ஃபிலிப் ஷெரிடன், பூங்காவைக் கிழக்கே நாற்பது மைலும் தெற்கே பத்து மைலும் விரிக்க வேண்டும் என்றார். அந்தத் தெற்கு எல்லை இதே 44ஆம் அட்சரேகை. கிழக்கில் அவர் கேட்டதைவிட அறிவிப்பு குறைவாகவே எடுத்தது. பூங்காவிலிருந்து 25 மைல் அளவில் நின்றுவிட்டது. 1880கள் முழுக்க மிசௌரியின் செனட்டர் ஜார்ஜ் வெஸ்ட் விரிவாக்க மசோதாக்களைக் கொண்டுவந்தார். செனட் ஏற்கும், பிரதிநிதிகள் சபையில் சிக்கிக்கொள்ளும். குக் சிட்டிச் சுரங்கங்களுக்குப் பூங்காவின் வடக்கு ஓரமாக ரயில்பாதை கேட்டவர்கள், அது கிடைக்காமல் எதையும் நகரவிடவில்லை.

1883 முதல் அந்த மலைகளில் ஆய்வு செய்துவந்த நிலவியலாளர் ஆர்னால்ட் ஹேக், அந்த மலைக்காடுகள்தாம் நதிகளின் தலைமடை என்று வாதாடிவந்தவர். சட்டம் வந்தவுடன் அவரும் வழக்கறிஞர் வில்லியம் ஹாலட் ஃபிலிப்ஸும் உள்துறைச் செயலாளர் ஜான் நோபிளை அணுகினார்கள். பத்தாண்டுகளாக மசோதா வழியே கிடைக்காத நிலம் ஒரே அறிவிப்பில் கிடைத்தது. எல்லை ஏற்கெனவே மேசைமேல் இருந்ததால்தான் நான்கு வாரம் போதுமாயிற்று. காப்புக்காடு என்ற பெயரில் வந்தது பூங்கா விரிவாக்கமே.

அப்படியானால் 24ஆம் பிரிவைச் செருகிய கையும் இவர்களுடையதா? இங்கே தரை வழுக்கும். அரசின் வனத்துறைத் தலைவர் பெர்னார்ட் ஃபெர்னோ, நில அலுவலகத்தைச் சேர்ந்த எட்வர்ட் பவர்ஸ், நோபிள் என்று பல பெயர்கள் சொல்லப்படுகின்றன, எதுவும் தீர்ந்தபாடில்லை. ஆனால் யார் எழுதினாலும் முதலில் பயன்படுத்தியவர் யார் என்பதற்கு எடை உண்டு. ஃபெர்னோ விரும்பியது அறிவியல் முறைப்படி மரம் வெட்டும் நிர்வாகம். முதல் அறிவிப்பில் அதன் சாயலே இல்லை. 1891இலேயே நோபிள் இந்தக் காட்டைப் பூங்காவின் பொறுப்புக் கண்காணிப்பாளரிடம், அதாவது 1886 முதல் பூங்காவைக் காத்துவந்த குதிரைப்படை அதிகாரியிடம், ஒப்படைத்தார். மரக்கணக்குப் பார்க்கும் ஆள் ஒருவரும் நியமிக்கப்படவில்லை. ஐஸ் சொல்லும் விபத்தாக இருந்திருந்தால் காடு யாரிடம் போவதென்று தடுமாறியிருக்க வேண்டும். அது நேரே பூங்காவின் கைக்குத்தான் போனது.

நிர்வாகம் என்று சொல்லத்தக்கது பிறகே வந்தது. 1897 ஜூன் 4 சட்டம் நீரோட்டத்தைக் காப்பதையும் மரம் தொடர்ந்து கிடைப்பதையும் காப்புக்காடுகளின் நோக்கமாக்கியது. 1902இல் தியோடர் ரூஸ்வெல்ட் யெல்லோஸ்டோன் காப்புக்காட்டைப் பெருமளவு விரித்தபோது கண்காணிப்பாளராக வந்தவர் ஆபிரகாம் ஆர்ச்சிபால்ட் ஆண்டர்சன். அவர் ஓர் ஓவியர். கிரேபுல் ஆற்றங்கரையில் பண்ணை வைத்திருந்தவர். ஆட்டு மந்தைக்காரர்களின் பகையைச் சம்பாதித்தவர். 1903இல் வாபிட்டியில் எழுந்த மரக்கட்டை வீடு, மத்திய அரசின் பணத்தில் கட்டப்பட்ட முதல் ரேஞ்சர் நிலையம். 1905இல் காப்புக்காடுகள் உள்துறையிலிருந்து வேளாண் துறைக்கு மாறின. 1907இல் ‘தேசிய வனம்’ என்ற பெயர் வந்தது.

ஷோஷோனி என்ற பெயர் 1908 ஜூலை 1 அன்று, பழைய பெருங்காப்புக்காட்டைப் பல துண்டுகளாக்கியபோது வைக்கப்பட்டது. ஆகவே பிறந்த ஆண்டு 1891ஆ, 1908ஆ என்பது எதை வனம் என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஹாரிசன் அறிவித்த நிலமும் இன்றைய வனமும் ஒன்றல்ல. தெற்குப் பட்டையின் பெரும்பகுதி இப்போது பிரிட்ஜர்-டீட்டன் வனத்தில் இருக்கிறது. 1929இல் பூங்காவின் கிழக்கு எல்லையை அப்சரோகா மலைமுகட்டுக்கு மாற்றியபோது 1891 நிலத்தில் ஒரு பகுதி பூங்காவுக்கே போனது. 1945இல் வஷாகி வனம் வந்து சேர்ந்தது. இன்றைய சுமார் 24 லட்சம் ஏக்கரில் பாதிக்கு மேல், ஹாரிசன் ஒருபோதும் கையெழுத்திடாத நிலம்.