கூப்பிடு தூரம்

நிலத்தைக் குரலால் அளந்த சட்டம் ஒன்று உண்டு. 1858-ஆம் ஆண்டின் உதுமானிய நிலச் சட்டம் அது. ஊரின் கடைக்கோடியில் நின்று உரக்கக் கூவினால் குரல் எட்டாத, எவர்க்கும் உரிமையாகாத நிலம் ‘மவாத்’, அதாவது செத்த நிலம். தொலைவு ஏறத்தாழ ஒன்றரை மைல். அதனைப் பண்படுத்தியோர் இரண்டு மாதத்துக்குள் பதிந்துகொள்ள வேண்டுமென 1921-இல் பிரித்தானியர் கெடு விதித்தனர். நெகேவ் பாலையின் பெதூயின் மக்களுள் மிகப் பலர் பதியவில்லை. எல்லை எதுவென அண்டைக் குலத்தார் அறிவர், தாள் எதற்கு? வரிக்கு அஞ்சியோரும் உண்டு.

1984-இல் ஹவாஷ்லா குலத்தார் வழக்கில், 1870-இல் அவ்வழியே சென்ற ஆங்கிலேயர் பால்மரின் பயணக் குறிப்பை இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் சான்றாகக் கொண்டது. அவர் கண்டது பாழ்நிலமாம்! கூடாரங்கள் ஊர்க் கணக்கில் சேரவில்லை. கூவ ஆளிருந்தும், அவன் நின்ற இடம் ஊரன்று என்றாயிற்று.

அல்-அராகீப் பகுதி நிலத்துக்காக அல்-உக்பி குலத்தார் செய்த மேல்முறையீடும் 2015-இல் தள்ளுபடியாயிற்று. அல்-அராகீப் சிற்றூரோ 2010 ஜூலையில் அடியோடு இடிக்கப்பட்டது. அதன்பின் இருநூறு தடவைக்கு மேல். ஊரார் தம் முன்னோரின் இடுகாட்டை ஒட்டி மீண்டும் மீண்டும் கொட்டகை போட்டனர்.