கம்பளைப் பள்ளத்தாக்கில் நாற்று நடுகை

நெல் விளைச்சலைப் பெருக்கும் நாற்று நடுகை, 20ஆம் நூற்றாண்டு உத்தியோகத்தர் நம் கமக்காரருக்குக் கற்பித்த புதுமை என்றொரு கருத்து நிலவுகின்றது. 1904இல் தோன்றிய இலங்கை விவசாயச் சங்கமும் 1912இல் அமைந்த விவசாயத் திணைக்களமும் அதனைப் பரப்ப முயன்றமை உண்மையே. ஆயின் பேராதனையிலிருந்து போதித்தோர்க்குச் சில மைல் தொலைவிலேயே பழைய சான்று ஒன்று இருந்ததை நாம் மறத்தலாகாது.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், கம்பளைக்கு அண்மையான உடுநுவரைப் பகுதியின் எலதெத்தவில் வாழ்ந்தவர். மலைச்சரிவுகளை மூன்று முதல் எட்டடி வரை அகலமான படிகளாக வெட்டி நீர் பாய்ச்சியதையும், முளைகட்டிய நெல்லை வீசி விதைத்ததையும் 1681இல் வெளிவந்த அவரது நூல் விவரிக்கின்றது. பயிர் ஒரு சாண் வளர்ந்ததும் பெண்கள் களை பிடுங்கி, நெருங்கி நின்ற நாற்றைப் பறித்து ஐதான இடத்தில் நட்டனர் என்கிறார். இது முழுமையான நாற்று நடுகை அன்று. எனினும் பயிருக்கு இடைவெளி வேண்டும் என்னும் அறிவு இதில் உண்டு. அவ்வறிவு பெண்களின் கைகளிலேயே இருந்தது. ஏழு மாத நெல் முதல் மூன்று மாத நெல் வரை பலவகை விதைத்தனர் என்றும், விரைவில் விளைவது குறைந்த பலனே தரும் என்றும் அவர் குறிப்பிடுவர். நீர் எத்துணைக் காலம் நிற்கும் என்பதே விதையைத் தீர்மானித்தது.

அங்ஙனமாயின் நடுகை ஏன் பரவவில்லை? விடையை நிலவுரிமையிலேயே தேடவேண்டும். நடுகை விதையை மிச்சப்படுத்தும், களையெடுப்பை எளிதாக்கும், பயிர் நன்கு தூர் கட்டும். ஆனால் ஆட்கூலி மிகும். அந்தே எனப்படும் வார முறையில் விளைவிற் பாதி நிலவுடைமையாளரைச் சேர்ந்தது. உழைப்பு முழுவதும் குடியினது; கூடிய விளைவிலோ பாதி பிறர்க்கு. வீசி விதைத்தவரைச் சோம்பர் எனப் பழித்தோர் இந்தக் கணக்கைப் பார்த்திலர். 1892இல் அரசின் நெல்வரி நீங்கியும் வாரம் நீங்கவில்லை. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வாரத்தை விளைவின் காற்பங்குக்கு மேற்படாது வரையறுத்தது. எனினும் பலவிடங்களிற் பழைய வழக்கமே நீடித்தது.

மலைமேல் வாழ்ந்த தோட்டத் தமிழரோ இந்தியாவிலும் பர்மாவிலுமிருந்து வந்த அரிசியையே பெரிதும் உண்டனர். 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி அவ்வரிசி நின்றபோதுதான் வயலின் விளைச்சல் நாடு முழுவதன் கவலையாயிற்று.

பத்தலகொடையில் உருவான எச்-4 இனம் 1958இல் வெளிவந்தது. பின்னர்க் குட்டை இனங்களும் களைகொல்லிகளும் பரவ, விதைப்பே மீண்டும் மேலோங்கியது. இன்று இலங்கையின் வயல்களிற் பெரும்பாலானவை விதைப்பு வயல்களே.

மடகாஸ்காரில் 1983இல் ஹென்றி தெ லொலானியே என்னும் பாதிரியார் கண்ட முறை 1990களின் இறுதியில் இங்கு அறிமுகமாயிற்று. பதினைந்து நாளைக்கு உட்பட்ட இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, ஏறத்தாழ 25 சென்றிமீற்றர் இடைவெளியில் நடுவது அது. அதன் விளைச்சல் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நடவும் களையெடுக்கவும் ஆள் எங்கே என்பதே கமக்காரரின் முதற் கேள்வி.