வேறு மாநில வண்டியோடு ஊர் திரும்புகிறவர்களுக்கு: லைசென்ஸும் ஆர்.சி.யும்

பிளவக்கல் அணைக்கு மேற்கே நிற்கிற மலையைத் தாண்டினால் கேரளம். ஆனால் அந்த மலை வழியே வண்டி போகாது. வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்துக்காரர்கள் திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலையில் தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகச் சுற்றித்தான் அங்கே போய் வருகிறார்கள். பிழைப்புக்காகக் கேரளத்திலும் பெங்களூரிலும் மும்பையிலும் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் முதுமை என்று ஊர் திரும்பும் குடும்பங்கள் நமது ஜமாஅத்துகளில் நிறைய உண்டு. அவர்களோடு கே.எல்., கே.ஏ. எண் கொண்ட பைக்கும் காரும் வந்துவிடுகின்றன. வீட்டுச் சாமான் இறக்கிய கையோடு கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு என்று ஓடுகிறோம். வண்டியை மட்டும் 'ஓடுகிறது தானே' என்று விட்டுவிடுகிறோம்.

முதலில் லைசென்ஸ், ஏனென்றால் அது சுலபம். இந்தியாவின் எந்த மாநிலத்தில் எடுத்த ஓட்டுநர் உரிமமும் நாடு முழுவதும் செல்லும். மாநிலம் மாறியதற்காகப் புதிதாக எல்.எல்.ஆர். போட்டு, எட்டு போட்டுக் காட்டத் தேவையில்லை. இன்னும் சொன்னால், ஒன்று கையில் இருக்கும்போது இங்கே இன்னொன்று எடுப்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி கூடாது. 'பழையது பெங்களூர் லைசென்ஸ், அது கிடக்கட்டும்' என்று சொல்லி இரண்டு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முகவரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பரிவாகன் தளத்தின் சாரதி பகுதியில் விண்ணப்பித்து, இங்குள்ள முகவரிச் சான்றைக் கொடுத்தால் போதும். அந்த மாநிலத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒரு காரியம் செய்துவிடுங்கள். பழைய புத்தக வடிவ லைசென்ஸ், லேமினேட் செய்த அட்டை வைத்திருப்பவர்களின் விவரம் சாரதியில் ஏறியிருக்காது. அதை ஏற்றித் தர வேண்டியது லைசென்ஸ் கொடுத்த அலுவலகம். ஊர் வந்த பிறகு அதற்காகத் திருச்சூருக்கும் தானேவுக்கும் பயணம் போவது வீண் செலவு.

புதுப்பித்தலை எந்த உரிம அலுவலகத்திலும் செய்யலாம். காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். 40 வயதைக் கடந்தவர்கள் படிவம் 1ஏ மருத்துவச் சான்று வைக்க வேண்டும்.

முகவரிச் சான்று என்றதும் நம்மிடம் அதிகம் கேட்பவர்கள் இமாம்களும் மதரஸா ஆசிரியர்களும்தான். பள்ளிவாசல் கொடுத்த வீட்டில் குடியிருப்பார்கள். வாடகை ஒப்பந்தம் இருக்காது, மின் கட்டண அட்டை பள்ளிவாசல் பெயரில் இருக்கும், ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 4-ஆம் விதி வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட், ஆயுள் காப்பீட்டு பாலிசி போன்றவற்றோடு, நோட்டரி முன் உறுதி செய்த பிரமாணப் பத்திரத்தையும் சொல்கிறது. அதைவிட எளிது, முதலில் ஆதார் முகவரியை மாற்றிவிடுவது. மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வரும்.

இனி வண்டி. ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியின் பதிவு இந்தியா முழுவதும் செல்லும். விருந்துக்கு வந்த வண்டிக்கும், நான்கு மாத வேலைக்கு வந்த வண்டிக்கும் எண்ணை மாற்ற வேண்டாம். ஆனால் 12 மாதத்துக்கு மேல் வேறொரு மாநிலத்தில் வைத்திருந்தால், சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி அந்த மாநிலத்தின் எண் வாங்கியாக வேண்டும். 12 மாதம் முடிந்த 30 நாளுக்குள் படிவம் 27-இல் விண்ணப்பிக்க வேண்டும். நமது வட்டாரத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், டி.என். 84 என்று எண் வரும். வண்டி எந்த நாளில் வந்தது என்று வழியில் யாராவது கேட்டால் காட்டுவதற்கு டோல் ரசீது, லாரி பார்சல் ரசீது, பிள்ளையின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் என்று ஏதாவது ஒன்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

திரும்பி வருவது நிரந்தரம் என்று தெரிந்தால் 12 மாதம் காத்திருக்கத் தேவையில்லை. கிளம்பும் முன்பே அங்கே தடையில்லாச் சான்றுக்கு, அதாவது என்.ஓ.சி.க்கு, படிவம் 28-இல் விண்ணப்பித்துவிடலாம். நமது கருத்தில் இதுதான் மொத்த வேலையின் உயிர்நாடி. படிவத்தில் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதியை ஒட்ட வேண்டும். வண்டி அங்கே, நீங்கள் இங்கே என்றாலும், வண்டி இங்கே, அலுவலகம் அங்கே என்றாலும் அலைச்சல் இரட்டிப்பாகும். எந்த அலுவலகத்துக்கு வண்டி போகிறது என்பதும் அதில் குறிக்கப்படும். மதுரை என்று பொதுவாக எழுதிவிட்டு வத்திராயிருப்பு முகவரியோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் நின்றால் சிக்கல். எழுதும்போதே சரியாக எழுதுங்கள்.

வண்டியின் மேல் கடன் நிலுவையில் இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். கடன் அடைந்துவிட்டது என்றால் அந்தப் பதிவை படிவம் 35 கொடுத்து நீக்கியிருக்க வேண்டும். கடைசித் தவணை கட்டியதோடு மறந்துவிட்டு, பத்து வருடம் கழித்து ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயரைப் பார்த்துத் திகைக்கிறவர்கள் உண்டு. அதற்குள் அந்த நிறுவனமே வேறொன்றோடு இணைந்திருக்கும்.

திருட்டு வழக்கு இல்லை என்ற போலீஸ் அறிக்கையையும், வரி பாக்கி, அபராத பாக்கி இருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகே சான்று தருவார்கள். விண்ணப்பம் கிடைத்த 30 நாளுக்குள் சான்று கொடுக்கவோ மறுக்கவோ வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் கொடுத்ததாகவே கருதப்படும் என்று 48-ஆம் பிரிவு சொல்கிறது. அப்போது விண்ணப்பம் பெற்றதற்கான ரசீதையும், மறுப்பு எதுவும் வரவில்லை என்ற உறுதிமொழியையும் வைத்து இங்கே விண்ணப்பிக்க 47-ஆம் பிரிவு இடம் தருகிறது. புரோக்கர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். படிவம் நிரப்பி, வரிசையில் நின்று கொடுப்பதற்குக் கூலி வாங்குவது வேறு. 'உள்ளே கொடுக்க வேண்டும்' என்று சேர்த்து வாங்குவது லஞ்சம். அதில் கொடுத்தவருக்கும் பங்கு உண்டு என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இங்கே வந்ததும் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார். அசல் ஆர்.சி., என்.ஓ.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று எல்லாம் கையில் இருக்க வேண்டும். அதோடு வரி. வாகன வரி மாநிலத்தின் அதிகாரம் என்பதால், பெங்களூரில் கட்டிய ஆயுட்கால வரி தமிழ்நாட்டுக்கு வராது. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி தமிழ்நாட்டில் புதிய காருக்கு விலையைப் பொறுத்து 12 முதல் 20 சதவீதம் வரை வரி. வேறு மாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கு வயதைக் கணக்கிட்டுக் குறைத்து வாங்குவார்கள். கர்நாடகம் போன்ற மாநிலங்களில், அனுபவிக்காத ஆண்டுகளுக்கான வரியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் இங்கே பதிந்த புதிய ஆர்.சி.யைக் காட்டிய பிறகே அந்தப் பணம் வரும். ஆகவே இரண்டு வரியையும் சில காலம் நம் கையிலிருந்தே சுமக்க வேண்டியிருக்கும். பத்து வயது தாண்டிய சிறிய காருக்கு இவ்வளவும் செய்வதைவிட அதை அங்கேயே விற்றுவிட்டு வருவது லாபமாக இருக்கலாம்; கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த வரியைத் தவிர்க்கத்தான் சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். கேரளத்தில் ஓடுகிற சொகுசுக் கார்களைப் பொய்யான புதுச்சேரி முகவரியில் பதிந்ததாக 2017-இல் திரையுலகினர் சிலர் மீதே விசாரணை நடந்தது நினைவிருக்கும். உறவினர் வீட்டு முகவரியைத் தன் முகவரி என்று எழுதிக் கையெழுத்திடுவது சிறிய விஷயமாகத் தோன்றலாம். அது பொய்ச் சாட்சியம்தான்.

வேறு மாநிலத்துக் காரை விலைக்கு வாங்கி வருகிறவர்களுக்கு இன்னும் ஒரு படி கூடுதல். என்.ஓ.சி.யோடு படிவம் 29, 30-இல் விற்றவரும் வாங்கியவரும் கையெழுத்திட்டு, பெயர் மாற்றத்தையும் சேர்த்து முடிக்க வேண்டும். டெல்லி கார் மலிவு என்று ஓடுகிறவர்கள், அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசல், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகள் மீதுள்ள கட்டுப்பாட்டால்தான் அந்த மலிவு என்பதை அறிந்து, என்.ஓ.சி. கிடைக்குமா என்று பார்த்த பிறகு முன்பணம் கொடுக்கட்டும்.

விற்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது. ஊர் திரும்பும் அவசரத்தில் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வண்டியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்த ஒரு வழக்கில், 2007-இல் விற்ற வண்டி பல கை மாறி 2009-இல் விபத்தில் ஓர் உயிரைப் பறித்தது. ஆர்.சி.யில் பெயர் மாறாததால், முதலில் விற்றவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பானது. கையில் வண்டியும் இல்லை, கடனோ கழுத்தளவு. பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகனில் எண்ணைத் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

அத்தா மௌத்தான பின் அவர் பெயரிலேயே வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளும் உண்டு. மரணமான 30 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்தால், அவர் பெயரில் உள்ள வண்டியை மூன்று மாதம் வரை ஓட்டலாம். அதற்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் கேட்பார்கள். பலரும் அந்தச் சம்மதத்தை ஒரு சடங்காக நினைத்து, கட்டிக்கொடுத்த சகோதரியிடம் 'இங்கே ஒரு கையெழுத்துப் போடு' என்று நீட்டுகிறார்கள். வண்டியும் வாரிசுச் சொத்துதான். கடனும் வஸிய்யத்தும் போக மீதியில் தாய்க்கும் மகளுக்கும் பங்கு இருக்கிறது. விலையை மதிப்பிட்டு அவர்களின் பங்கைக் கொடுத்துவிட்டோ, அவர்கள் மனமுவந்து விட்டுத்தந்த பிறகோ பெயரை மாற்றுங்கள்.

புதிய எண் வந்தவுடன் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் புதிதாகப் போட வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியில் புதிய எண்ணையும் முகவரியையும் ஏற்றச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பழைய எண்ணில் பாலிசி, புதிய எண்ணில் வண்டி என்றால் விபத்து நாளில் வாதாட வேண்டிவரும். பெங்களூர், மும்பை போன்ற பெருநகரங்களில் பதிந்த காருக்குச் சொந்தச் சேதப் பிரீமியம் சற்று கூடுதலாக இருப்பது வழக்கம். ஆகவே அடுத்த புதுப்பித்தலில் புதிய பதிவு ஊரைச் சொல்லிக் கேளுங்கள். பழைய எண்ணோடு இணைந்த பாஸ்டேக்கை ரத்து செய்து, அதில் உள்ள இருப்பைத் திரும்பப் பெற்ற பிறகு புதியதை ஒட்டுங்கள். லைசென்ஸையும் ஆர்.சி.யையும் டிஜிலாக்கரில் ஏற்றிக்கொண்டால், செங்கோட்டைச் சாலையில் நிறுத்திக் கேட்கும்போது போனைக் காட்டினால் போதும். 2018 முதல் அது சட்டப்படி செல்லும்.