மண்ணெண்ணெய் குடித்த ஹொண்டாவும் காபரேட்டர் மீது விழுந்த பழியும்



வகுப்பில் வரலாறு படிப்பிக்கும் நாங்கள் இன்று ஒரு பழைய ஹொண்டா சி 90இன் வரலாற்றை எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பழைய பைக் வைத்திருப்பவர்கள் கடைசிவரை வாசியுங்கள்.

2002இல் ஏ9 பாதை திறந்தது. அடுத்த வருடம் வடக்கிலிருந்து வந்த ஒரு சி 90ஐ வாப்பா வாங்கினார். 2022இல் அது படுத்துவிட்டது. இருபது தடவை கிக் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும், ஆளை ஏற்றினால் இழுக்காது. கியூஆர் காட்டி வாரத்துக்கு 4 லீட்டர் பெற்றோல் எடுத்த காலம் அது. அந்த 4 லீட்டரும் பாடசாலைக்குப் போய்வரக் காணாது. கராஜில் “காபரேட்டர் போயிட்டு” என்றார்கள். மாற்றினோம், சரிவரவில்லை. இன்னொன்று மாற்றினோம், அதுவும் அப்படியே. கடைசியில் இரும்புக்குக் கொடுக்கச் சொன்னார்கள்.

வாப்பாவின் சைக்கிள், மனம் வரவில்லை. ஊரில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் ஸ்குரூட்ரைவரைத் தொடவே இல்லை. “இது முன்ன எங்க ஓடின சைக்கிள், சேர்?” என்று கேட்டார். சொன்னதும் தலையாட்டினார்.

அந்தக் கேள்விக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. 1958இல் ஹொண்டா முதல் சுப்பர் கப்பை வெளியிட்டபோது சின்ன வண்டிகளில் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களே அதிகம். ஹொண்டா 49 சீசீ போர் ஸ்ட்ரோக் எஞ்சினைப் போட்டது. சி 90 அந்தக் குடும்பத்துப் பிள்ளை. 2017இல் அந்தக் குடும்பத்தின் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் போவது தடைப்பட்டது. யாழ்ப்பாணத்து மக்கள் காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அதனால்தான் அந்தத் துளிகள். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிவிடும், கீழே இறங்கி எஞ்சின் ஒயிலையும் தண்ணியாக்கும். றிங்கும் போரும் தேயும், வால்வில் கரி படியும். பழுதை அறியாமல் செய்யவில்லை அவர்கள். ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் போக வேறு வழி இருக்கவில்லை.

மெக்கானிக் முதலில் வால்வ் இடைவெளியைப் பார்த்தார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.05 மில்லிமீற்றர். அது இறுகியிருந்தால் வால்வ் முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். பிறகு எஞ்சினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கேஜைப் பூட்டி, அக்சிலேட்டரை முழுதாகத் திறந்து, முள் ஏறாமல் நிற்கும்வரை கிக் அடித்தார். 85 இறாத்தல். ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அடித்தார். 120.

ஒயில் விட்டதும் ஏறினால் தேய்ந்தது றிங்கும் போரும். ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கட். சி 90இன் சிலிண்டர் படுத்திருப்பதால் ஒயில் கீழ்ப்பக்கம் தேங்கும். மெதுவாக நாலைந்து கிக் அடித்துப் பரவவிட்ட பிறகுதான் அளக்க வேண்டும்.

இவ்வளவு காலமும் பழி காபரேட்டர் மீது. எஞ்சின் இழுத்தால்தானே காபரேட்டர் கொடுக்கும்? கம்ப்ரஷன் இல்லாத எஞ்சினில் எந்த ஸ்குரூவைத் திருகினாலும் பலனில்லை.

போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டனும் றிங்கும் போட்டோம். பிறகு எறியாமல் வைத்திருந்த அந்தப் பழைய காபரேட்டரையே கழுவிப் பூட்டினார். சூடான எஞ்சினில் எயார் ஸ்குரூவை மெதுவாக இறுக்கி, ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தி, எஞ்சின் அதிக வேகமாக ஓடும் இடத்தைத் தேடி நிறுத்தினார். பிறகு ஐட்லிங் ஸ்குரூவால் வேகத்தைக் குறைத்தார். சில நாள் ஓடிவிட்டுப் பிளக்கைப் பார்த்தோம். கறுப்பென்றால் பெற்றோல் அதிகம், வெள்ளையென்றால் குறைவு. எங்களுடையது இளம் மண்ணிறம்.

முழுக் குற்றமும் மண்ணெண்ணெய் மீதல்ல, வயதும் சேர்ந்ததுதான். ஆனால் 2020இல் வாகன இறக்குமதி நின்றபின் பழைய பைக்கை எறிவது லேசான காரியமாக இருக்கவில்லை. காபரேட்டருக்குக் காசு கொடுக்க முன் கம்ப்ரஷனை அளக்கச் சொல்லுங்கள். வண்டி எங்கே, எதைக் குடித்து ஓடியது என்றும் விசாரியுங்கள்.

நாங்கள் இன்றும் அதில்தான் பாடசாலைக்குப் போகிறோம். மண்ணெண்ணெயில் ஓடிய நினைவு உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்குப் படிப்பிக்க உதவும்.